கழுவிய பீப்பாய்

சமையலறைக் கத்தியின் முனை மெழுகுக்குள் இறங்கியது. விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. குளிரில் தோல் வெடித்திருந்தது. கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தி, அடைப்பைச் சுற்றியிருந்த மெழுகை நாடா போல உரித்தன அந்தக் கைகள். உரித்ததை மடியில் போட்டுக்கொண்டன. தரையில் ஒரு துணுக்குகூட விழவில்லை. மெழுகு போன இடத்தில் சிமெண்ட் தெரிந்தது. சிமெண்டின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

கத்தி நின்றது.

"பாத்தியா துயிலியோ?" என்றாள் ஃபோஸ்கா.

பார்த்தேன். முழங்கால் உயரப் பீப்பாய் அது. நான் கட்டியது. நான்தான் அதன் வாயில் மரக்கட்டையை அடித்து இறக்கி, மேலே சிமெண்ட் பூசினேன். பூசும்போது அதில் விரிசல் இல்லை.

"எப்ப விழுந்துச்சு?"

"ஆகஸ்ட்ல. அந்த வெயில்ல. நான்தான் மெழுகுவத்திய உருக்கி ஊத்துனேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டிருந்தா மூஞ்சிய இப்ப வெச்சிருக்கியே, இப்படித்தான் வெச்சிருப்ப. அதைப் பாக்குற தைரியம் எனக்கு அப்ப இல்ல."

கீழேயிருந்து இருமல் சத்தம் வந்தது. எங்கள் வீடுகளில் பரணின் தரை வெறும் பலகைதான். கீழே நடப்பதெல்லாம் மேலே கேட்கும். இருமல் நிற்கும்வரை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நின்றதும், மறுபடி மூச்சு வருகிறதா என்று கேட்டாள். வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்தாள்.

ஃபோஸ்கா நென்சியோனிக்கு அன்று காலை வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கீழே சமையலறையில் அடுப்போரம் கட்டில் போட்டுக் கிடக்கும் அவள் புருஷன் செத்திமியோ, சாவதற்கு முன் இந்தப் பீப்பாயிலிருந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். இந்த வீட்டு வைனை அவன் குடித்து, கிட்டத்தட்ட அவர்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடமோ அத்தனை வருடம் ஆகிவிட்டது.

அது ஏன் என்று எங்கள் குன்றில் தெரியாதவர்கள் கிடையாது.

ஃபோஸ்கா பிறந்தது லிவோர்னோ துறைமுகத்தில். அவளுடைய அப்பா அங்கே எண்ணெய்ப் பீப்பாய் கழுவுகிறவர். கொதிக்கிற தண்ணீர், சோடா உப்பு, ஒரு முழம் இரும்புச் சங்கிலி. மூன்றையும் உள்ளே போட்டு வாயை அடைத்து உருட்ட வேண்டும். உருள உருளச் சங்கிலி உள்சுவரைச் சுரண்டும். ஊற்றும் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வேலை பழக்கம். பீப்பாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று எங்கள் குன்றில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குக்கூடத் தெரியாது. நான் பீப்பாய் கட்டுகிறவன்.

கல்யாணமாகி வந்த முதல் வசந்தம். ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில்தான் நாங்கள் வின் சாந்தோ என்கிற இனிப்பு வைனுக்காக உலர்ந்த திராட்சையைப் பிழிவோம். இலையுதிர் காலத்தில் பறித்த குலைகளைப் பரணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்போம். அதற்குள் அவை வற்றிச் சுருங்கிப் பாகாகியிருக்கும். செத்திமியோ தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "மேல பீப்பாயெல்லாம் காலியாக் கெடக்கு. பிழியப் போறோம். கொஞ்சம் சுத்தம் பண்ணி வை."

சுத்தம் என்றால் எங்களுக்கு வெளிப்புறத்தைத் துடைப்பது. சிலந்தி வலையை எடுப்பது. உள்ளே யாரும் கை வைக்க மாட்டார்கள். உள்ளே தாய் இருக்கிறாள்.

பீப்பாயின் அடியில் தங்கும் கருத்த கூழைத்தான் நாங்கள் தாய் என்போம். வைனை எடுத்த பிறகு அந்தக் கூழை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதுச் சாற்றை ஊற்றி அடைப்போம். பழையது புதியதைப் பிடித்துத் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு தாய் வேறு, அதனால் வைனும் வேறு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மடக்குக் கொடுத்தால், இது யார் வீட்டு வின் சாந்தோ என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இங்கே இருந்தார்கள். நென்சியோனி வீட்டுத் தாய்க்கு என்ன வயது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. வீட்டைவிட மூத்தவள் என்பார்கள்.

இதையெல்லாம் வந்த மருமகளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூச்சு விட வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவார்களா?

அவள் ஆறு பீப்பாய்களையும் ஒற்றை ஆளாகக் கீழே இறக்கினாள். முற்றத்தில் தண்ணீர் காய்ச்சினாள். கிணற்றுச் சங்கிலியைக் கழற்றினாள். வடிகால் முழுக்கக் கருப்பாக ஓடியது. கோழிகள் அதைக் குடித்தன. அன்று அந்தக் கோழிகள் திருவிழா முடிந்து வீடு திரும்பும் ஆண்களைப் போல நடந்தன என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சாயங்காலம் செத்திமியோ வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒரு வளையம் மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஆறு பீப்பாய்களும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் பக்கத்தில் நின்றாள், கை சிவந்து, முகமெல்லாம் பெருமை. நான் குனிந்து ஒன்றில் மூக்கை வைத்தேன். மரத்தின் வாசனை மட்டும் வந்தது. அவ்வளவு நன்றாகக் கழுவிய பீப்பாயை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

செத்திமியோ ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். ஆறாவதையும் பார்த்தான். போய்க் கோழிகளைக் கூட்டில் அடைத்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் அவனுடைய அப்பா சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சங்கிலிக்காரி என்று பேர். தாய் இல்லாத பீப்பாய்களில் சாற்றை ஊற்றி அடைத்தார்கள். காத்திருந்து திறந்தால் ஒன்று வெறும் இனிப்புத் தண்ணீர், ஒன்று வினிகர். மறுபடி அடைத்தார்கள், மறுபடி காத்திருந்தார்கள். மறுபடி வினிகர். ரொட்டிக்கடை நெல்லோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்: "நென்சியோனி வீட்டுக்கு விருந்துக்கா போறீங்க? சாலட்டுக்குக் கீரை மட்டும் கொண்டுபோங்க. வினிகர் அங்கேயே கெடைக்கும்." அவள் கடைக்குள் இருக்கும்போதே சொல்வான். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "பூஞ்சைக்குத் தனியாக் காசு உண்டா நெல்லோ?" என்று கேட்டுவிட்டு வருவாள். வாயில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

அவளை ஜெயித்தது செத்திமியோவின் கோப்பை ஒன்றுதான்.

எங்கள் பக்கம் கல்யாணமோ ஞானஸ்நானமோ எதுவானாலும், சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கோப்பையை வைப்பார்கள். பாதாம் பிஸ்கட் வரும். பிறகு வீட்டுக்காரர் வின் சாந்தோவோடு வருவார். பிஸ்கட்டை அதில் முக்கிச் சாப்பிடுவோம். செத்திமியோ கோப்பை வந்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவான். முகத்தில் எதுவும் இருக்காது. மணிக்கட்டு மட்டும் ஒரு முறை திரும்பும். பிறகு காய்ந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யார் வீடாக இருந்தாலும் அப்படித்தான். என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் அவள் கேட்டிருக்கிறாள்.

"என் மேல கோவமா?"

"இல்ல."

"பின்ன ஏன் குடிக்கல?"

"தாகம் இல்ல."

அவனிடம் அடி வாங்கியிருந்தால்கூட அதோடு முடிந்திருக்கும் என்று அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவன் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை. கழுவினாயே என்று வாய்தவறியும் சொன்னதில்லை. அவளுக்கு ஜுரம் என்றால் சூப் வைத்துக் கொடுப்பான். மகள் லொரியானா பிறந்தபோது ஊர் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னான். கோப்பையை மட்டும் கவிழ்த்தான்.

அவள் ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒரு கரண்டித் தாய் கேட்டாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பாட்டிலைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் குன்றில் தாயை இரவல் கொடுக்கும் வழக்கம் இல்லை. மகள் கல்யாணமாகிப் போகும்போது ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புவார்கள். அது தவிர அது வீட்டுப் படியைத் தாண்டாது. பார்ஜெல்லி வீட்டு ஜெலிந்தா முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "தாய் மகளோட போகும். மருமகளோட போகாது. அதுவும் கழுவுற மருமகளோட போகவே போகாது."

அதே ஜெலிந்தாவின் மாமியார் ஒரு நென்சியோனி. செத்திமியோவின் சொந்த அத்தை. இது ஃபோஸ்காவுக்குத் தெரியவந்தது ரொம்ப வருடம் கழித்து, ஒரு சாவு வீட்டில். யாரோ பழைய கல்யாணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அத்தை பார்ஜெல்லி வீட்டுக்கு வந்த அன்று கழுதைமேல் ஒரு பாட்டிலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள் என்றார்கள். ஃபோஸ்கா எழுந்து வெளியே வந்தாள். தான் வடிகாலில் ஊற்றியது இன்னும் உயிரோடு இருக்கிறது, நாலு வீடு தள்ளி இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே ஜெலிந்தாவிடம் போனாள். ஜெலிந்தா கதவைக்கூடத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஆமா, அது உங்க வீட்டோடதுதான். உன்கிட்டேயிருந்து தப்பிச்சு வந்தது இது ஒண்ணுதான்."

அந்தக் குளிர்காலத்தில் ஜெலிந்தா பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். மகள் கிடையாது. ஃபோஸ்கா போனாள். கேட்காமலேயே போனாள். துடைத்தாள், துவைத்தாள், மலச்சட்டி எடுத்தாள். "என் பரண் பக்கம் போன, கட்டில்லேயிருந்து எழுந்து வந்து கொன்னுடுவேன்" என்பாள் ஜெலிந்தா. "எழுந்து வாங்களேன், அதுக்குத்தானே இவ்வளவு பாடு" என்பாள் இவள். வசந்தம் வந்தது, ஜெலிந்தா கம்பு ஊன்றி நடந்தாள். நடந்த முதல் நாளே பரணுக்கு ஏறினாள். இறங்கி வந்து ஒரு பாட்டிலை மேசைமேல் தள்ளினாள். உள்ளே கருப்பாகத் தேன் மாதிரி இருந்தது.

"எனக்கு மக இல்ல," என்றாள். "இதையும் கழுவிடாத."

பழைய ஆறு பீப்பாய்களில் நல்லதாக இருந்த பலகைகளைப் பொறுக்கி நான் ஒன்று கட்டினேன். அதில்தான் தாயையும் அந்த வருடத்துச் சாற்றையும் ஊற்றினோம். ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு, கட்டை இறக்கி, சிமெண்ட் பூசினோம். கோடையில் கூரை ஓட்டின் சூட்டில் வைன் விழித்து, குளிரில் தூங்கி, அப்படியே பத்து வருடம் கிடக்க வேண்டும். அந்த வீட்டுக் கணக்கு பத்து. நடுவில் திறந்து பார்ப்பது கிடையாது. ஓட்டை போட்டு ருசி பார்ப்பதும் கிடையாது.

செத்திமியோவிடம் அவள் சொல்லவில்லை. அவன் பரணுக்கு ஏறுவதை எப்போதோ விட்டிருந்தான்; மேலே இன்னொரு வினிகர் தயாராகிறது என்றுதான் நினைத்திருப்பான். "சொல்லி ஆசை காட்டிட்டு, திறந்து வினிகரா இருந்தா, அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுல எப்படி இருக்கிறது?" என்றாள்.

ஜெலிந்தா செத்துப்போனாள். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கினவர்கள் அவளுடைய பீப்பாய்களைப் பாதியாக அறுத்துப் பூச்செடி வைத்தார்கள். ஆக, அந்தத் தாய் இப்போது இருப்பது இந்த ஒரு பீப்பாயில்தான், இந்த விரிசலுக்குக் கீழே.

பத்து வருடம் ஆகவில்லை. ஏழாவது குளிர்காலம் நடக்கிறது. செத்திமியோவின் தொண்டை மாதத்துக்கு மாதம் மூடிக்கொண்டே வந்தது. இப்போது தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போகிறது. ஒரு பொடியைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அந்தக் கூழையும் அவன் நேற்றிலிருந்து விழுங்கவில்லை.

"திறந்துட்டா முடிஞ்சுது ஃபோஸ்கா," என்றேன். "பக்கவாட்டுல சின்ன ஓட்டை போட்டு நாலு சொட்டு பாப்போம். சரியில்லன்னா ஆப்பு அடிச்சு மூடிடலாம். உன் வீட்டு வழக்கத்த மீறினத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாலு சொட்ட வெச்சு நான் என்ன பண்றது? வேவு பாத்ததுன்னு தெரிஞ்சா அவன் தொடவே மாட்டான். அடி."

நான் அடிக்கவில்லை. அவளே உளியை வைத்து அடித்தாள். சிமெண்ட் விரிசல் வழியாகவே இரண்டாகப் பிளந்தது. அதையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போது கீழேயிருந்து லொரியானா கத்தினாள்.

"அம்மா! நான் போன் பண்ணிட்டேன். ஆம்புலன்ஸ் வருது."

ஃபோஸ்கா பலகை இடுக்கில் வாயை வைத்தாள். "யாரு பண்ணச் சொன்னா?"

"அப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாகுது. நீ மேல என்ன பண்ணிட்டிருக்க? துயிலியோ மாமா, அவளக் கூட்டிட்டு இறங்கி வாங்க!"

"ஏத்திட்டுப் போனா திரும்பிக் கொண்டுவர மாட்டாங்கடி."

"தெரியும்," என்றாள் லொரியானா. அழுகிற குரல். "அதுக்காக இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

ஃபோஸ்கா என்னைப் பார்த்தாள். நான் கட்டையின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினேன். இதை வேகமாகச் செய்ய முடியாது. பீப்பாய் அதிர்ந்தால் அடியில் இருப்பது கலங்கிவிடும். தட்டும்போது சத்தம் வெற்றுச் சத்தமாக வந்தது. வைனில் பாதிக்குமேல் காற்றில் போயிருந்தது. அது எப்போதும் போவதுதான். ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் உதட்டைக் கடித்தாள்.

கட்டை வந்துவிட்டது. அவள் குனிந்து முகர்ந்தாள்.

பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த மெழுகும் சிமெண்டும் சிதறின. அவள் அதைக் கவனிக்கவில்லை.

நான் முகர்ந்தேன். மூக்கில் ஊசி ஏறியது. புளிப்பு, வார்னிஷ், கண்ணில் நீர் வரவைக்கிற காரம்.

"நான்தான்," என்றாள். "அன்னைக்குக் கழுவுனேன். ஆகஸ்ட்ல மெழுகு ஊத்துனேன். என் கை பட்டா எதுவும் உருப்படாது. எந்திரி துயிலியோ, மூடு. ஆம்புலன்ஸுக்கு வழி காட்டு."

"இரு."

"எதுக்கு இருக்கணும்? எனக்கு வினிகர் வாசனை தெரியாதா? இந்த ஊர்லயே எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"அடைச்சு வெச்ச பீப்பாயோட முதல் மூச்சு இப்படித்தான் இருக்கும். வருஷக்கணக்கா உள்ள கெடந்த காத்து. அது போகட்டும். அதுக்கப்புறம் சொல்லு."

நான் சொன்னது உண்மைதான். ஆனால் இந்தப் பீப்பாய்க்கு அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. விரிசல் விழுந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பனிக்காற்று வந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே இருமல், பிறகு லொரியானாவின் குரல்: "அப்பா, இங்க பாரு, என்னைப் பாரு." தூரத்தில், ஆற்றோரத்துச் சாலையில், மேடு ஏறும் வண்டியின் முனகல். எங்கள் குன்றுக்கு வளைவுகள் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாறுவது கேட்டது.

"இப்ப பாரு," என்றேன்.

"நீ பாரு."

பார்த்தேன். ஊசி இன்னும் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது, கூட்டத்தில் பின்வரிசை ஆள் முண்டியடித்து முன்னால் வருவதுபோல. காய்ந்த அத்திப்பழம். வால்நட் ஓடு. அது உண்மையிலேயே இருக்கிறதா, நான் ஆசைப்பட்டு முகர்கிறேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எடுத்துப் பாத்துடலாம்," என்று கண்ணாடிக் குழாயை எடுத்தேன். அவள் எழுந்து அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"கழுவுனது நான். எடுக்குறதும் நானே எடுக்குறேன்."

குழாய் அடியில் இருக்கும் தாயைத் தொட்டுவிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழாயை இறக்கினாள். மேல்வாயைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது செஸ்நட் தேனின் நிறத்தில் நின்றது. கலங்கவில்லை. குழாயின் சுவரில் மெல்ல இறங்கியது, எண்ணெய் இறங்குவதுபோல. அவள் அதைப் பார்த்தாள். குடிக்கவில்லை. குழாயை என் வாயருகே நீட்டினாள்.

"சொல்லு. பொய் சொன்னா உன்னை விட மாட்டேன்."

நாக்கில் விழுந்தது. முதலில் கூரான ஒரு புளிப்பு, விரிசலின் வேலை. அது ருசியிலிருந்து கடைசிவரை போகவில்லை, போனதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுற்றி ஒன்று மூடிக்கொண்டு வந்தது. அத்தி, கருகின சர்க்கரை, ஆரஞ்சுத் தோலின் கசப்பு. அது நாக்கை விட்டுப் போகாமல் இருந்தது. சின்ன வயதில், அந்தக் கோழிகளுக்கு முந்தின காலத்தில், என் அப்பாவோடு இந்த வீட்டுக்கு வளையம் அடிக்க வந்தபோது எனக்கும் ஒரு மடக்குக் கொடுப்பார்கள். அந்த ருசி.

"குறை இருக்கு," என்றேன். "ஒரு முள்ளு இருக்கு. வினிகர் இல்ல."

"யார் வீட்டோடது?"

"உங்க வீட்டோடது."

அவள் அழவில்லை. ஒரு சின்ன ஜாடியில் குழாய் குழாயாக எடுத்து ஊற்றினாள், ஆம்புலன்ஸ் முற்றத்தில் வந்து நிற்கும் சத்தம் கேட்டும் அவசரப்படாமல். கட்டையைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகுதான் படியில் இறங்கினாள்.

சமையலறையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எனக்குத் தெரியாத பையன். இன்னொருவன் ரொட்டிக்கடை நெல்லோ. வயதான பிறகு தர்ம ஆம்புலன்ஸில் தொண்டனாகப் போகிறான். செத்திமியோவைத் தலையணை வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். உதடு கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. முழங்கால்மேல் மருந்துத் தட்டு.

ஃபோஸ்கா ஜாடியை மேசைமேல் வைத்தாள். அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் கோப்பையை எடுத்தாள். ஏப்ரன் துணியால் துடைத்தாள்.

"அம்மா," என்றாள் லொரியானா, "இப்பவா?"

"பின்ன எப்ப?"

"ஃபோஸ்கா, தண்ணியா எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க," என்றான் நெல்லோ. "புரை ஏறிடும். நாங்க கெளம்பணும்." சொல்லிக்கொண்டே அவன் மூக்கு ஜாடிப் பக்கம் திரும்பியது. அவன் நிறுத்தினான். "என்ன அது?"

"கீரைக்கு ஊத்துறது," என்றாள்.

நெல்லோ தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அந்தப் பையன் ஏதோ கேட்க வந்தபோது, "சும்மா இருடா" என்றான்.

"விடுங்க," என்றாள் லொரியானா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் முறைப்படி கோப்பைதான் முதலில் வரும். ஃபோஸ்கா காலிக் கோப்பையைத் தட்டில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து ஜாடியோடு நின்றாள்.

செத்திமியோவின் கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. எலும்பும் நரம்பும்தான். அது கோப்பையைத் தேடிப் போனது. விரல்கள் அதன் காம்பைப் பிடித்தன, எல்லாக் கல்யாணத்திலும் பிடித்ததுபோலவே. ஃபோஸ்கா கண்ணை மூடிக்கொண்டாள். லொரியானா அந்த மணிக்கட்டைத்தான் பார்த்தாள். நெல்லோவும். நானும்.

மணிக்கட்டு திரும்பவில்லை. அவன் முகர்ந்துகொண்டிருந்தான். ஆக்சிஜன் குழாயை இன்னொரு கையால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முகர்ந்தான்.

"யார் வீட்டுத் தாய்?" என்றான். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

ஃபோஸ்கா கண்ணைத் திறந்தாள். "உன் வீட்டோடது. உன் அத்தை எடுத்துட்டுப் போனது. ஜெலிந்தா குடுத்தா."

"ஜெலிந்தாவா?"

"ஆமா."

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"கழுவலையே?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டோம். லொரியானாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"கழுவல," என்றாள் ஃபோஸ்கா.

செத்திமியோ கோப்பையைக் கவிழ்க்காமல் அவளிடம் நீட்டினான்.

"தாகமா இருக்கு," என்றான்.

அவள் கோப்பையை வாங்கினாள். ஜாடியைச் சாய்த்தாள். ஒரு சொட்டுகூடத் தட்டில் விழவில்லை. கோப்பையை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்து, அந்த விரல்கள் அதை நன்றாகப் பிடித்துவிட்டன என்று தெரிந்த பிறகுதான் தன் கையை எடுத்தாள்.